ஜெசிந்தாவின் பெயரில் வந்த பதிவுகள்

ஜொகூர் பாருவில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியில், துணி உலர்த்தப் பால்கனிக்குப் போகும்போதெல்லாம் என் கைப்பேசி என்னைச் சிங்கப்பூருக்கு வரவேற்கிறது. நீரிணைக்கு அக்கரையில் இருக்கும் கோபுரத்தின் அலை அங்கே பலமாக அடிக்கிறது. வாளியை எடுத்துக்கொண்டு சமையலறைக்குத் திரும்பினால், மலேசியாவுக்கு வருக என்று இன்னொரு செய்தி. என் கணவர் முருகேசன் அந்தக் கரைக்கு வேலைக்குப் போக, இருட்டு விலகுவதற்கு முன்பே கிளம்பி, வரிசையில் நின்று, கடவுச்சீட்டைக் காட்டிப் பாலம் கடக்கிறார். நான் ஈரக் கைலியை உதறிக்கொண்டே போய்வந்துவிடுகிறேன். வந்த புதிதில் இதைக் கரூரில் இருக்கும் அம்மாவிடம் சொன்னபோது, "அப்ப நீ எந்த ஊர்லதான் இருக்கே?" என்று கேட்டாள். சிரிக்கட்டும் என்றுதான் சொன்னேன். அம்மா சிரிக்கவில்லை.

இங்குள்ள தமிழும் எனக்கு முதலில் இப்படித்தான் இருந்தது. ஒரு காலடி வைத்தால் என் மொழி, இன்னொரு காலடியில் வேறு. வேலைக்குச் சேர்ந்த அன்று பக்கத்து மேசைப் பெண் "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டாள். என் முகத்தில் பசி தெரிகிறதோ என்று கூசிப்போய், "இல்லைங்க, பசியெல்லாம் இல்ல" என்றேன். காலை உணவைத்தான் இங்கே பசியாறுதல் என்கிறார்கள் என்று தெரிய ஒரு வாரம் ஆனது. அதுவரை அவள் நான் காலையில் சாப்பிடாதவள் என்றே நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு கடைவீட்டின் மாடியில் இயங்கும் சின்ன நிறுவனம் எங்களுடையது. பழைய இணையதளங்களைப் புதிய மென்பொருளுக்கு மாற்றிக் கொடுப்பது வேலை. அதில் ஒன்று, இந்த மாநிலத்துத் தமிழர்களின் வலைப்பதிவுகளை ஓரிடத்தில் சேர்த்துக் காட்டும் திரட்டி. வலைப்பதிவு செத்துப்போய்விட்டது என்று ஊரில் நீங்கள் சொல்வீர்கள். இங்கே தோட்டத்து மண்ணிலிருந்து நகரத்துக்கு வந்தவர்கள் சிலர் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். எழுதியதை அவரவர் பக்கத்தில் வெளியிட்டால் போதும். அந்தப் பக்கம் தன்னிடம் புதிதாக என்ன இருக்கிறது என்பதை ஓர் ஓடைபோல வெளியே அனுப்பிக்கொண்டிருக்கும். திரட்டி அதை மொண்டுவந்து எல்லோருக்கும் காட்டும். ஒருமுறை எழுதியது பல இடங்களில் பயன்படுகிறது.

இதன் உள்ளே நடப்பதை ஒருமுறை பார்த்தவர்களுக்கு எந்தப் பக்கத்தையும் பழைய கண்ணால் பார்க்க முடியாது. நீங்கள் வாசிக்கும் பக்கம் உண்மையில் எங்கும் இல்லை. பெயர் ஓர் அட்டவணையில் கிடக்கிறது, படம் இன்னொன்றில், எழுத்து மற்றொன்றில். எழுதியவருக்குக் கொடுத்த ஓர் எண்தான் மூன்றையும் முடிச்சுப் போடுகிறது. நீங்கள் கேட்கிற கணத்தில் அவை ஒன்றுசேர்ந்து ஒரு மனிதராகி வந்து நிற்கின்றன. நீங்கள் போனதும் கலைந்துவிடுகின்றன.

புதிய மென்பொருளுக்கு மாறப்போகிறோம் என்று திரட்டியில் அறிவிப்புப் போட்டிருந்தோம். அதைப் பார்த்துவிட்டு ஒருவர் அலுவலகத்துக்குப் பேசினார். வடக்கே லாபிஸ் என்ற சிற்றூரிலிருந்து சவரிமுத்து, பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி ஜெசிந்தாவின் 'லாபிஸ் பக்கம்' என்ற பதிவு அழிந்துவிடாதே என்று கேட்டார்.

"அழியாதுங்க. எல்லாத்தையும் அப்படியே கொண்டுபோயிடுவோம். அவங்க எப்பவும்போல எழுதலாம்" என்றேன்.

அவருக்குப் பின்னால் ஒரு ரயில் போகும் சத்தம் கேட்டது.

"அவ செத்து மூணு வருசம் ஆச்சும்மா" என்றார். "ஆனா எழுதிக்கிட்டுத்தான் இருக்கா. வெள்ளிக்கெழமதோறும் வருது. போன வாரம்கூட எழுதுனா."

யாராவது பழைய பதிவை மறுபடி போட்டிருப்பார்கள் என்று சொன்னேன். அவர் மறுத்தார். பழையதை எல்லாம் படித்துவிட்டதாகச் சொன்னார். இது புதுசு. "எங்களுக்குப் பிள்ள இல்லம்மா. இப்ப அவ ஒரு மகளப் பத்தி எழுதுறா. நிலான்னு பேரு. எனக்குப் புத்தி கெட்டுப் போகல, யாரோ எழுதுறாங்கன்னு தெரியுது லா. ஆனா அவ பேரு போட்டிருக்கு, அவ படம் இருக்கு. நான் என்னா செய்ய?"

அன்று பிற்பகல் முழுவதும் அட்டவணைகளைத் தோண்டினேன். காரணம் எளிதாகவே கிடைத்தது. நான் வேலைக்கு வருவதற்கு முன்பு, மூடப்போன இரண்டு பழைய வலைப்பதிவுத் தளங்களின் தரவுகளை யாரோ இந்தத் திரட்டிக்குள் ஒன்றாகக் கலந்திருக்கிறார்கள். அவற்றில் எழுதியவர்கள் அதன்பின் இங்கேயே எழுதினார்கள். இரண்டிலும் எழுதுபவர்களுக்கு எண்கள் ஒன்றிலிருந்து தொடங்கியிருந்தன. ஒரு தளத்தில் ஜெசிந்தாவுக்கு என்ன எண்ணோ, மற்றதில் கனகா என்ற பெண்ணுக்கும் அதே எண். கலந்தபோது பெயரும் படமும் ஜெசிந்தாவுடையதாக நின்றுவிட்டன. அது நடந்தது ஜெசிந்தா இறந்த சமயத்தில். இருவரின் பழைய பதிவுகளும் ஒன்றாகக் குவிந்துவிட்டன. அவர் போன பிறகு கனகா எழுதியது மட்டும் வந்துகொண்டிருந்தது, இறந்தவரின் முகத்தோடு.

திரையில் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வட்ட முகம், கழுத்தில் சின்னச் சிலுவை, கூச்சம் கலந்த சிரிப்பு. எனக்கு அப்பாவின் நினைவு வந்தது. கரூரில் பேருந்துக்குக் கூண்டு கட்டும் பட்டறையில் வேலை பார்த்தவர். அவர் போனபோது நான் இங்கே இருந்தேன். போய்ச் சேர்வதற்குள் காரியம் முடிந்திருந்தது. அவருடைய எண்ணை அழிக்க மனம் வராமல் 'அப்பா' என்ற பெயரிலேயே கைப்பேசியில் விட்டுவைத்திருந்தேன். ஒரு நாள் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் ஒரு படம் முளைத்தது. மோட்டார் சைக்கிள்மேல் சாய்ந்து நிற்கும் ஓர் இளைஞன். நிறுவனம் அந்த எண்ணை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டது. தெரிந்தும் ஒருமுறை அழைத்தேன். "யாருங்க வேணும்?" என்றது அந்தக் குரல். நான் பேசாமல் இருந்தேன். "தப்பான நம்பர்ம்மா" என்றான் அவன். நான் பெண் என்பது அவனுக்கு எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இப்போதும் அவன் படத்தை மாற்றும்போதெல்லாம், அப்பா ஏதோ ஊருக்குப் போயிருக்கிறார் என்று ஒரு நொடி தோன்றும்.

மறுநாள் கனகாவைக் கண்டுபிடித்துப் பேசினேன். சிம்பாங் ரெங்கத்தில் வீடு. மரச்சாமான் தொழிற்சாலையில் வேலை. கணவர் சிங்கப்பூரில் தங்கி வேலை பார்ப்பவர், வார இறுதியில் வருவார். திரட்டியில் அவர் பெயர் ஒருநாளும் வந்ததில்லை என்பதை அவரும் கவனித்திருந்தார்.

"என் எழுத்து சரியில்லன்னு போடாம விட்டுட்டாங்கன்னு நெனச்சேன் சிஸ்டர்" என்றார். "கேக்க வெக்கமா இருந்துச்சு."

நடந்ததைச் சொன்னேன். பதறினால் இங்கே எல்லோரும் சொல்கிற மலாய்ச் சொல்லோடு அவர் குரல் மாறியது.

"அலமாக். எம் பிள்ள பேரு ஒரு செத்தவங்க படத்துக்குக் கீழயா இருந்துச்சு, இத்தன நாளா? அதான் அவளுக்கு அப்படி முடியாம வந்துச்சோ?"

நிலாவுக்கு ஆஸ்துமா. சில மாதங்களுக்கு முன் மூச்சு முட்டி மருத்துவமனையில் வைத்திருந்தார்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரிந்த விதமெல்லாம் சொன்னேன். "உடனே மாத்திடுங்க. இன்னிக்கே" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. இனிமேல் வருபவற்றுக்கு மட்டும் என்றால் இரண்டு கட்டளைகள் எழுதினால் முடிகிற வேலை. ஆனால் லாபிஸில் ஒருவர் வெள்ளிக்கிழமைக்காகக் காத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வரை பொறுத்துக்கொள்ளச் சொல்லிக் கனகாவிடம் கெஞ்ச வேண்டியிருந்தது.

முருகேசனுக்கு வார விடுமுறை அந்த ஒரு நாள்தான். முகம் சுளிக்காமல் காரை எடுத்தார். சிம்பாங் ரெங்கத்தைக் கடந்து யோங் பெங்கில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கினோம். அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டம்தான். வெயில் அடித்தாலும் அந்த மரங்களுக்கு அடியில் மட்டும் மாலையாகவே இருக்கும். இந்த வரிசைகளுக்குள் வெகுதூரம் பார்க்கக் கூடாது என்று எனக்கு வந்த நாளிலிருந்தே ஒரு பயம். எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி வழி திறந்துகொண்டே போகும்.

சவரிமுத்து வீட்டுக்குப் பின்னால்தான் தண்டவாளம். கோப்பி கலக்கிக் கொண்டுவந்தார். கைப்பேசியில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருந்தார். ஒரு பதிவைத் திறந்து நீட்டினார். நிலா மருத்துவமனையில் இருந்த நாட்களைப் பற்றிக் கனகா எழுதியது.

"இதப் படிச்சிட்டு சர்ச்சுக்குப் போயி மெழுகுவத்தி ஏத்துனேன்" என்றார். "ஃபாதர் யாருக்குன்னு கேட்டாரு. மகளுக்குன்னு சொல்லிட்டேன். பொய்தான். வாயில வந்துருச்சு."

நான் அட்டவணை, எண் என்று ஆரம்பித்தேன். அவருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. நடுவில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அந்த நிலாப் பொண்ணு நெசமா இருக்கா?"

"இருக்கா. சிம்பாங் ரெங்கத்துல."

"இப்ப மூச்சு எப்படி இருக்கு?"

"பரவாயில்லையாம். பள்ளிக்கூடம் போறாளாம்."

அவர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். எதையோ இறக்கிவைத்தவர்போல இருந்தது முகம். முருகேசன் கோப்பிக் குவளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப மாத்திடுங்க" என்றார் சவரிமுத்து. "உசுரோட இருக்கிறவங்க பேரு மறைஞ்சு கிடக்கக் கூடாது."

"ஜெசிந்தாம்மா எழுதினது எல்லாம் அவங்க பக்கத்துல பத்திரமா இருக்கும். புதுசா மட்டும் வராது."

"தெரியும்." கைப்பேசியை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "அவள அடக்கம் பண்ணப்போ நான் அழுவல. ரெண்டு நாள் கழிச்சு போனப் பாத்தா, புதுசா எழுதிருந்தா. அதான் அழுவல போல. இனிமேதான் அவ சாவுறா."



திங்கட்கிழமை பிரிக்க உட்கார்ந்தேன். ஜெசிந்தா இறந்த பிறகு வந்தவை கனகாவுடையவை என்பதில் சந்தேகமில்லை. அதற்கு முந்தையவற்றில்தான் சிக்கல். கலந்தபோது எல்லாவற்றுக்கும் கலந்த நாளே தேதியாக விழுந்திருந்தது. எது எந்தத் தளத்திலிருந்து வந்தது என்ற குறிப்பு இல்லை. அந்தப் பழைய தளங்களும் இப்போது இல்லை. ஒவ்வொன்றாக வாசித்துப் பிரித்தேன். கோவில் வந்தால் கனகா, ஞாயிறு பூசை வந்தால் ஜெசிந்தா. தொழிற்சாலை என்றால் இவர், ரயில் என்றால் அவர். இரண்டு பெண்களின் வாழ்க்கையை வாரக்கணக்கில் வாசித்தேன். கனகாவிடம் மெழுகுவத்தி விஷயத்தையும் சொன்னேன். "எம் பிள்ளைக்கா ஏத்துனாரு?" என்று கேட்டார். பிறகு, "எந்த சர்ச்சுன்னு கேட்டுச் சொல்லுங்க சிஸ்டர். நிலாவக் கூட்டிட்டுப் போறேன்" என்றார். போனார்களாம். சவரிமுத்துதான் சொன்னார். பிள்ளை தன்னைத் தாத்தா என்று கூப்பிட்டதை இரண்டு முறை சொன்னார். கனகாவின் சொந்தப் பெயரில் திரட்டியில் முதல் பதிவு வந்தபோது, அதன் கீழே வந்த முதல் மறுமொழி அவருடையது.

எல்லாம் முடிந்தும் ஒரே ஒரு பதிவு மிச்சம் நின்றது. ஏழெட்டு வரிதான். பிற்பகல் மழை. மின்சாரம் போய்விட்டது. நனைந்த மண்வாசனை வீட்டுக்குள் வருகிறது. வர வேண்டியவர் இன்று வரமாட்டார் என்று தெரிந்தும் இரண்டு தட்டு எடுத்துவைத்தேன், ஒன்றைத் திரும்ப அடுக்கில் வைக்கக் கை வரவில்லை, மழை விட்டபோது நான் எந்த வீட்டில் இருக்கிறேன் என்று ஒரு கணம் தெரியவில்லை என்று முடிகிறது. ஊர் இல்லை, பெயர் இல்லை, கோவிலும் இல்லை, பூசையும் இல்லை.

சவரிமுத்துவுக்குப் படித்துக் காட்டினேன். "அவதாம்மா. நான் ட்ரிப்பு முடிச்சு வர லேட்டாகும். அப்ப எழுதிருப்பா" என்றார். கனகாவுக்கும் அனுப்பினேன். "நான் எழுதுனதுதான்னு நெனைக்கிறேன்" என்றார். "என் வீட்டுக்காரரு வராத வாரமா இருக்கும். ஆனா எழுதுன ஞாபகம் இல்ல."

புதிய மென்பொருள் ஒரு பதிவுக்கு ஒரே ஆளைத்தான் ஏற்கும். அந்த இடத்தை வெறுமையாக விட்டாலும் ஏற்காது. அதனால் அதை இரண்டாக நகலெடுத்தேன். ஒன்று ஜெசிந்தாவின் பெயரில் லாபிஸில் இருக்கிறது. இன்னொன்று கனகாவின் பெயரில் சிம்பாங் ரெங்கத்தில். எது மூலம், எது நகல் என்று இனி யாராலும் சொல்ல முடியாது. கணினிக்கும் தெரியாது.

போன ஞாயிறு பிற்பகல் முருகேசனுக்கு அதை வாசித்துக் காட்டினேன். காரணமெல்லாம் எதுவும் சொல்லவில்லை, சும்மா வாசித்தேன். அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நல்லா இருக்கு" என்றார். "எப்ப எழுதின? இது கரூர் வீடா, இந்த வீடா?"

நான் எழுதியதில்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் அதை எழுதியது கரூரிலா, இங்கேயா என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.