புல்லில் இருந்த ஈயம்

கல்லை நாக்கு நுனியால் தொட்டுப் பார்த்துவிட்டு, கண்ணை மூடிக்கொள்கிறார் பேராசிரியர் ஸ்கலாக். "கந்தகம் இருக்கு. செம்பும் கொஞ்சம் இருக்கு," என்கிறார். அப்புறந்தான் தராசுப் பக்கம் போவார். எங்கள் சுரங்கக் கல்லூரிக்கு எந்தக் கல் வந்தாலும் முதல் சோதனை அந்த நாக்குதான். அவர் மனைவி ஒத்தீலியாவுக்கு இதில் தீராத ஆத்திரம். "சூப்புல உப்பில்லைன்னா மட்டும் இவருக்குத் தெரியாது. மூணு நாள் உப்பில்லாமப் போட்டுப் பாத்துட்டேன்!"

ஐம்பத்தெட்டு வயது. அமிலம் பட்டு மஞ்சளேறிய விரல்கள். கோட்டின் வலது கையில் எப்போதும் இரண்டு பொத்தல். கண்ணாடி உருக்குகிறவரின் மகன். எந்தப் பொடியால் நீலம் வருகிறது, எதனால் சிவப்பு என்று நச்சரித்ததில் அப்பா சலித்துப்போய்ப் பிராக் நகரத்துக்குப் படிக்க அனுப்பிவிட்டாராம். எட்டு வருடம் உலைக்கூடங்களில் வெந்தார். பிறகு இருபது வருடமாக இங்கே பேராசிரியர். ஈய உலைகளைப் பற்றி அவர் எழுதிய தடித்த புத்தகம் போஹீமியாவில் எல்லா உலைக்கூடத்திலும் மேனேஜர் மேஜைமேல் கிடக்கும். கல்லூரி நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் என்னிடமே நான்கு பிரதிகள்.

வகுப்பில் யாராவது "நிறைய" என்று சொல்லிவிட்டால் போதும். "நிறையங்கறது ஒரு எடை இல்ல தம்பி. எவ்வளவு?"

போன கோடையில் லூச்கி கிராமத்திலிருந்து ஜோஃபியா என்ற குடியானவப் பெண் அவரைத் தேடி வந்தாள். கையில் ஒரு கட்டுப் புல்.

"ஐயா, என் மாடு ரெண்டும் செத்துப்போச்சு. புது உலையோட புகைதான். உலைக்காரங்களைக் கேட்டா உங்க புஸ்தகத்தைக் காட்டுறாங்க. புகையில போற ஈயம் முந்நூறு தப்படிக்கு அந்தாண்ட விழாதுன்னு எழுதியிருக்கீங்களாம். என் நிலம் அரைமணி நடை. அப்ப என் மாடு எதுக்குச் செத்துச்சுன்னும் எழுதியிருக்கீங்களா?"

ஸ்கலாக் கோபப்படவில்லை. "அந்தப் புல்லை இங்க வைம்மா," என்றார்.

எரித்துச் சாம்பலாக்கி, அமிலத்தில் கரைத்து, சில துளி மருந்து விட்டார். குப்பியின் அடியில் மஞ்சளாகப் படிந்தது. ஈயம். மறுநாள் லூச்கிக்கு நடந்தே போய், ஐந்து இடங்களில் தானே புல் அறுத்து வந்தார். ஐந்திலும் மஞ்சள்.

"நான் அளந்ததெல்லாம் குட்டைச் சிம்னியில," என்றார் என்னிடம். "இந்தப் புது உலையோடது ஒசரம். காத்து எவ்வளவு தூரம் வேணாலும் கொண்டுபோகும். அளக்காமலே எல்லாத்துக்கும் பொருந்தும்னு எழுதிட்டேன்." அன்று பகல் அவர் சாப்பிடப் போகவில்லை.

மாடு செத்ததை விசாரிக்க மாவட்ட அதிகாரிகள் வந்தார்கள். உலை மேனேஜர் வைன்லிக் ஸ்கலாக்கை விசாரணை அறை வாசலிலேயே மடக்கினார். "நீங்க எழுதினதை நீங்களே இல்லைங்கப் போறீங்களா? அடுத்த மாசம் உங்களைக் கல்லூரித் தலைவராக்கறதாப் பேச்சு. கொஞ்சம் யோசிச்சுப் பேசுங்க, புரொபசர்."

"யோசிக்காம எழுதினதாலதான் இங்க வந்து நிக்கறேன்," என்றார் ஸ்கலாக். உள்ளே போய், தன் புத்தகம் தவறு என்று அத்தனை பேர் முன்னால் சொன்னார். எண்களையும் ஒன்று விடாமல் சொன்னார்.

சிம்னிக்கு முன்னால் புகைத்தூள் படிய அறைகள் கட்டச் சொல்லி உத்தரவாயிற்று. ஜோஃபியாவுக்கு இரண்டு மாடு வந்தது. தலைவர் பதவி வேறொருவருக்குப் போனது. "நல்லதாப் போச்சு," என்றாள் ஒத்தீலியா. "தலைவர்னா கழுத்துல தங்கச் சங்கிலி போடுவாங்க. இவர் அதையும் நக்கிப் பாத்திருப்பார்." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

உத்தரவு வந்த மறுநாள் காலை ஸ்கலாக் நூலகத்துக்கு வந்து நான்கு பிரதிகளையும் கேட்டார். நூலகப் புத்தகத்தில் யாரும் மையால் எழுதக் கூடாதென்பது விதி. நான் மைக்கூட்டை அவர் பக்கம் நகர்த்தினேன். ஒவ்வொன்றிலும் முந்நூறு தப்படி பற்றிய அந்த இரண்டு வரிகளை அடித்துவிட்டு, ஓரத்தில், "தவறு. மறுபடி அளந்தேன். ஸ்கலாக்" என்று எழுதினார். பிறகு, எதிர்ப்பக்கத்தில் ஒட்டிவிடக் கூடாதென்று, குனிந்து அந்த ஈர மையை மெல்ல ஊதிக்கொண்டிருந்தார்.