புறங்கையால் தொடுபவர்

தேவாலயத்தில் பாடற்குழு ஒத்திகையின்போது, பேஸ் கிட்டார் கம்பியிலிருந்து என் மகனுக்கு ஷாக் அடித்தது. பிழைத்துக்கொண்டான். மறுபடி வாசிக்க வேண்டும் என்கிறான். எனக்கோ அதைத் தொடவே பயம்.

கிட்டாரையும் அதன் ஒலிபெருக்கிப் பெட்டியான ஆம்பையும் காந்திபுரத்துக்குக் கொண்டுபோனேன். அங்கே பழுது பார்க்கும் பெண்மணி நரைத்த கொண்டையில் பென்சில் செருகியிருந்தார். ஆம்பில் கழன்றிருந்த எர்த் வயரைப் பற்றவைத்து, மீட்டரில் சோதித்தார். பிறகும் கம்பிகளைப் புறங்கையால்தான் தொட்டார்.

“உள்ளங்கையின்னா கரண்டு புடிச்சுக்குமுங்க. எதையும் இப்படித்தான் தொடுவேன்.”

“இனி அடிக்காதுங்களா?”

“நீங்களே தொட்டுப் பாருங்க அம்மணி.”

“ஐயோ, நா மாட்டேனுங்க!”

சிரித்தபடி என் கையைப் பிடித்துக்கொண்டார். “இப்பத் தொடுங்க. அடிச்சா ரெண்டு பேருக்குந்தானுங்க அடிக்கும்.”

தொட்டேன். கம்பி சில்லென்று இருந்தது, அவ்வளவுதான். எல்லாக் கம்பிகளையும் நான் தொட்டு முடிக்கும்வரை அவர் என் கையை விடவில்லை.