பிரசவ வார்டில் ஒரு கறுப்புக் கோட்டு

எங்கள் திருத்தணியில் ஆஸ்பத்திரிக்குக் காசில்லாமல்கூடப் போகலாம். ஆள்பலம் இல்லாமல் போகக்கூடாது. மருந்து வேலை செய்கிறதோ இல்லையோ, நாம் கேட்பாரற்றவர்கள் இல்லை என்பது டாக்டருக்குத் தெரிந்தாக வேண்டும்.

என் மகளுக்கு வலி எடுத்த அன்று காலையில் டாக்டரம்மா சோதித்துவிட்டு, "எல்லாம் நல்லாருக்கு. சாயங்காலம் வரைக்கும் பாப்போம், தானா பொறந்துடும்" என்றார். மகளுக்கு அதுதான் வேண்டும். கத்தி படக்கூடாது என்றே தினமும் மலையடிவாரம் வரை நடந்தவள். நானும் பிரசவம் பற்றி இரண்டு புத்தகம் படித்துவிட்டு, நாலு பெற்றவனைப் போலப் பேசிக்கொண்டிருந்தேன்.

என் மனைவிக்குத்தான் மனசு கேட்கவில்லை. "நமக்கும் ஆள் இருக்குதுன்னு காட்ட வேணாமா?" என்று என் அக்கா வீட்டுக்காரருக்குப் போன் போட்டாள்.

நாங்கள் பாவா என்று கூப்பிடும் அவர் ஒரு வக்கீல். சாப்பாட்டு இடைவேளையில் கோர்ட்டிலிருந்து நேராக வந்தார். கறுப்புக் கோட்டு, கழுத்தில் வெள்ளைப் பட்டை, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். டாக்டரம்மா வாழைப்பழத்தைப் பார்க்கவில்லை.

"பொண்ணுக்கு மாமா நானு. சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன். எல்லாம் கரெக்டா போய்கினு இருக்குதா?" என்றார் பாவா.

சும்மா வந்தேன் என்று வக்கீல் சொன்னால் யார் நம்புவார்கள்? போன வருஷம் யாரோ ஒரு நோயாளியின் சொந்தக்காரர்கள் கல்லெறிந்த வரவேற்பறைக் கண்ணாடி, பிளாஸ்டர் ஒட்டி அப்படியே இருந்தது. டாக்டரம்மா அதை ஒருமுறை பார்த்தார். கால் மணி நேரத்தில் குழந்தையின் இதயத் துடிப்பு 'கொஞ்சம் சந்தேகமா' ஆகிவிட்டது. ஆபரேஷனுக்குச் சம்மதம் என்ற தாளில் மாப்பிள்ளை படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

"காலைல காத்திருக்கலாம்னீங்களே டாக்டர்?" என்றேன்.

"சார், ஏன் ஆபரேஷன் பண்ணேன்னு யாரும் என்னைக் கோர்ட்டுக்கு இழுத்ததில்ல. ஏன் பண்ணலைன்னுதான் இழுப்பாங்க. வேணும்னா அவரையே கேளுங்க."

பாவாவைப் பார்த்தேன். "அந்தம்மா சொல்றது ரைட்டுதான் மச்சான்" என்றார், தொழில் நேர்மையோடு.

பிரசவ அறைக் கதவுக்குப் பின்னாலிருந்து எல்லாவற்றையும் கேட்ட மகள் கத்தினாள்: "நைனா! மாமாவ மொதல்ல அந்தக் கோட்டக் கழட்டச் சொல்லு!"

பதறிக் கழற்றினார். ஆனால், பார்த்த கோட்டைப் பார்க்காததாக்க எந்தச் சட்டத்திலும் வழியில்லை.

பேரன் நலமாகப் பிறந்தான். "பாவா வந்ததாலதான் உடனே கவனிச்சாங்க" என்று என் மனைவி இன்றுவரை பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

பெயர் வைக்கும் நாளில் பாவா அரைக்கைச் சட்டையில் வந்தார். "இன்னா மாமா, கோட்டு எங்க?" என்றாள் மகள்.

"வூட்லயே பூட்டி வெச்சிட்டேம்மா. அதப் பாத்து இன்னும் யாருக்கு இன்னா ஆவுமோ!"

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சட்டென்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "சிரிக்க வைக்காதீங்க மாமா, தையல் இழுக்குது."

அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் ஜோக் அடிக்கவில்லை. நான்கூட.