டாக்டர் திருப்பி வைத்த திரை

விசைப்பலகையின் சத்தம் சட்டென்று நின்ற அந்த நொடிதான் முதலில் நினைவுக்கு வருகிறது. சிங்கப்பூருக்கு வடக்கே, செனாயில் நாங்கள் போகும் கிளினிக்கில் காகித அட்டைகளை விட்டுவிட்டுக் கணினியில் பதியத் தொடங்கிய முதல் ஆண்டு; தீபாவளிக்கு முந்திய வாரம், புதன்கிழமை. வீட்டு வாசலில் அப்பா தலை சுற்றி உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டு நான்தான் அவரை அழைத்துப் போயிருந்தேன்.

அப்பா தொழிற்சாலை பஸ் ஓட்டுநர். விடியுமுன் செடெனாக்கில் ஆட்களை ஏற்றிக்கொண்டு செனாய்க்கு வருவார். இனிப்புநீருக்கு, அதாவது சர்க்கரை வியாதிக்கு, மாத்திரை சாப்பிடுபவர். அட்டை இருந்த காலத்தில் அந்தக் கிளினிக் டாக்டரம்மாவிடம் மழை, டயர், சிங்கப்பூரில் இருக்கும் என் தம்பி என்று ஓயாமல் பேசுவார். கணினி வந்தபின் எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "எல்லாம் ஓக்கே லா டாக்டர்." இப்போது தெப்ராவில் நான் பார்க்கும் இளம் டாக்டரும் திரையைப் பார்த்தபடிதான் கேள்வி கேட்கிறார். எனக்குப் பழகிவிட்டது. அப்பாவுக்குப் பழகவில்லை.

அன்று டாக்டரம்மா விசைப்பலகையைத் தள்ளி வைத்தார்.

"என்னண்ணே, முன்னெல்லாம் கதை கதையா சொல்வீங்க?"

"நீங்க எங்க என்னைப் பாக்குறீங்க? டிவி பாக்குற மாதிரி அதையே பாக்குறீங்க." சிரித்தவர் குரலைத் தாழ்த்தினார். "அதுல ஏத்திட்டா கம்பெனிக்குத் தெரிஞ்சிடும். பஸ் சாவியைப் புடுங்கிடுவாங்க."

"உங்களக் கேக்காம கம்பெனிக்குக் குடுக்க மாட்டேன். ஆனா எனக்கே தெரியலன்னா மருந்த எப்படி மாத்துறது? பஸ்ஸுல எத்தன பேருண்ணே?"

"நாப்பது. எல்லாம் சின்னப் புள்ளைங்க... அதுல அடிங்க டாக்டர்."

டாக்டரம்மா திரையை எங்கள் பக்கம் திருப்பி வைத்து, நான் சொல்லியிருந்ததைத் தட்டச்சு செய்துகொண்டே தமிழில் படித்துக் காட்டினார். "தலை சுற்றல், ஒரு தடவை, வீட்டில்" என்ற வரி வந்ததும் அப்பா விரலை நீட்டினார்.

"ஒரு தடவ இல்ல. மூணு. அதுல ஒண்ணு பஸ்ஸுல. மாத்திடுங்க."

என் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

மாத்திரை மாறியது. சரியாகும்வரை ஓட்டக்கூடாது என்றார் டாக்டரம்மா. மறுநாள் அப்பாவே மேலாளரிடம் விஷயத்தைச் சொல்லிச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தார். அந்த வாரங்களிலும் விடியுமுன் எழுந்து, சட்டை மாட்டிக்கொண்டு கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். வேறொருவர் ஓட்டும் பஸ் எங்கள் சாலையைக் கடந்த பிறகுதான் தேநீரைத் தொடுவார்.

தைப்பூசத்துக்கு மறுவாரம் சாவி திரும்பக் கிடைத்தது. அன்று பஸ் சத்தம் கேட்டபோது நாற்காலி காலியாக இருந்தது. அப்பா மறைந்த பிறகு இப்போதும் அது காலிதான். விடியுமுன் எந்த பஸ் போனாலும் எனக்கு விழிப்பு வந்துவிடுகிறது.