இரண்டு தரம் ‘வேண்டாம்’

போன கிழமை மியூனிக்குக்குப் பக்கத்துக் கார்ஹிங்கில் ஒரு ஜெர்மன் நண்பர் வீட்டில் கேக் நீட்டினார்கள். “வேண்டாம்” என்றேன். தட்டு உடனே உள்ளே போய்விட்டது. இந்த நாட்டிலேயே வளர்ந்தும் இன்னும் இரண்டாவது அழைப்புக்குக் காத்திருக்கிற பிறவி நான். பசியோடு ரயிலில் திரும்பும்போது யூகோவின் நினைவு வந்தது.

யூகோ, மியூனிக்கில் இரண்டே அறைகளில் பதிப்பகம் நடத்திய ஜப்பானியப் பெண்மணி. அவருடைய புத்தகங்களை ஒரு பக்கமிருந்து திறந்தால் ஆங்கிலம், மறுபக்கமிருந்து திறந்தால் ஜப்பானியம். இரண்டு நாட்டு வாசகரும் நடுவில் சந்திக்கட்டும் என்பார். படித்து முடித்ததும் என் முதல் வேலை அங்கேதான், பிழை திருத்துவது. ஜப்பானியத்தில் ஓர் எழுத்தும் தெரியாததால் அந்தப் பாதியில் நான் பிழையே கண்டதில்லை! பக்கங்களை வடிவமைத்தவர் மாலினி அக்கா, யாழ்ப்பாணத்துக்காரர்.

ஒரு ஜப்பானியக் கதையில் விருந்தாளி இரண்டு தரம் சாப்பாடு வேண்டாம் என்பார்; மூன்றாம் தரம் கேட்டதும் உட்கார்ந்து சாப்பிடுவார். ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த லண்டன்காரர் பீட்டர் அந்த இரண்டு ‘வேண்டாம்’களையும் வெட்டியிருந்தார்.

“எங்கள் வாசகர்கள் இந்த விருந்தாளியைப் பொய்யர் என்பார்கள்” என்றார், கடைசிச் சரிபார்ப்புக்கு வந்திருந்த பீட்டர்.

“நீங்கள் வெட்டியது அவருடைய மரியாதையை” என்றார் யூகோ.

அன்று மாலையே அச்சகத்துக்குப் போகவேண்டிய புத்தகம். பீட்டர் தன் பெயரை எடுத்துவிடச் சொன்னார். அப்படியானால் புத்தகமே வராது என்றார் யூகோ. எனக்கு வேலை போய்விடுமோ என்ற கவலை.

மத்தியானம் மாலினி அக்கா புட்டும் கத்தரிக்காய்க் கறியும் இருந்த டப்பாவைத் திறந்தார். பீட்டரையும் ஜெர்மனில் அழைத்தார்.

“நன்றி, வேண்டாம்.”

மறுபடி அழைத்தார்.

“உண்மையாகவே வேண்டாம்.”

மூன்றாம் தரம் அழைத்தபோது பீட்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். தட்டில் ஒரு துகள்கூட மிஞ்சவில்லை.

அக்கா என் பக்கம் திரும்பினார். “பாத்தியே, இவரும் பொய்க்காரர்தான். இவருக்கே அதைச் சொல்லு.”

“ஐயோ அக்கா, என்னால ஏலாது.”

“அப்ப நான் சொல்லுறன்” என்று ஜெர்மனில் சொல்லியே விட்டார்.

பீட்டரின் காது சிவந்தது. காலித் தட்டைத் தள்ளி வைத்து, எண்ணெய்க் கையோடே பென்சிலை எடுத்து இரண்டு ‘வேண்டாம்’களையும் திரும்ப எழுதினார். யூகோ அவருக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

யூகோ ஒசாகாவுக்குத் திரும்பிப் பல வருடமாகிறது. அந்த அறைகளில் இப்போது ஒரு பல் வைத்தியர். போன மாதம் டெர்மின், அதாவது முன்கூட்டியே நேரம், எடுத்துப் போயிருந்தேன். ஒரு சொல்லுக்காக நாள் முழுக்கச் சண்டை பிடித்த இடத்தில் வாயைத் திறக்கச் சொன்னார்கள், பேசத்தான் விடவில்லை.