சிலுப்பாத கிடாயும் பெருமாள்சாமி அவர்களும்

பெருமதிப்பிற்குரிய செல்வி அம்மையார் அவர்களுக்கு, ரயில் நிலையத்தைப் பெருக்கும் முத்துப்பேச்சி வணங்கி எழுதுவது. தங்கள் தந்தையாரைப் பற்றித் தாங்கள் கேட்ட கட்டுரை, பதினாறாம் நாள் காரியமும் முடிந்த பின் வந்து சேர்வதற்குப் பொறுத்தருள வேண்டுகிறேன். பள்ளிக்குச் செல்லாமல் தானே எழுத்தறிந்தவள் நான். பிழையோடு அனுப்ப மனம் ஒப்பவில்லை.

அன்று காலை மதுரை ரயிலுக்கு ஆட்கள் வந்து நின்றும் டிக்கெட் சன்னல் திறக்கவில்லை. பால்காரர் வண்டியை நிறுத்தி, "பெருமாள்சாமி அண்ணே தூக்கத்துலயே போயிட்டாக" என்றார். ரயில் வந்தது, சென்றது. நான் துடைப்பத்தோடு அங்கேயே நின்றிருந்தேன்.

அகலப் பாதை போட்டு எங்கள் சிறு நிலையம் மீண்டும் திறந்தபோது ஒப்பந்தத்தில் டிக்கெட் விற்க வந்தவர் அவர். வேறு அதிகாரி கிடையாது; அவரும் நானும் மட்டுமே. சுவரில் நான் எழுதிய 'இவ்விடத்தில் உமிழ்நீர் சிந்தாதிருக்க அன்புடன் வேண்டுகிறோம்' என்பதைப் படித்துவிட்டு, "துப்பாதேன்னு எழுதச் சொன்னா கல்யாணப் பத்திரிகை எழுதி வச்சிருக்கியே தாயி!" என்று சிரித்தார். ஆயினும் அதை அழிக்க விடவில்லை.

அடுத்த மாதமே ஒரு கிடாய்க்குட்டி நடைமேடையில் ஏறியது. பக்கத்துத் தோட்டத்து ஒச்சப்பன், எங்கள் ஊர்க் காவல் தெய்வம் கருப்பசாமிக்குப் பலியாக நேர்ந்துவிட்டது அது. சாமிக்கு நேர்ந்ததை யாரும் விரட்ட மாட்டார்கள். ரயில் வந்தால், கொடி காட்டும் ரயில் கார்டைப் போலக் கடைசிப் பெட்டியருகே போய் நிற்கும். அதனால் 'கார்டு' என்று பெயர் விழுந்தது. சன்னலோரக் குழந்தைகள் பெயர் சொல்லி அழைத்தனர். நிலையத்தின் பெயருக்குக் கீழே யாரோ அதன் உருவத்தை வரைந்தும் விட்டார்கள்.

முதல் வருடம் கோயில் பொங்கலுக்குக் கார்டை ஓட்டிச் சென்றார்கள். மஞ்சள் நீர் தெளித்ததும் கிடாய் உடலைச் சிலுப்பினால் சாமி சம்மதித்தது என்று பொருள். அதன் பிறகுதான் வெட்டு. குடம் குடமாக ஊற்றியும் கார்டு அசையவில்லை.

"என்னய்யா, மழைக்கு நிக்கிற எருமை கணக்கா நிக்குது!" என்றார் ஒச்சப்பன்.

"சாமிக்கு மனசு வரலைன்னா நாம என்ன செய்ய? அடுத்த வருசம் பாப்பம்" என்று சொல்லித் தங்கள் தந்தையார் கயிற்றை வாங்கிக்கொண்டார். அடுத்த வருடமும் அவ்வாறே நடந்தது.

காரணத்தை நான் அறிவேன். நாள்தோறும் காலை ரயில் போனதும் குழாயடியில் கார்டின் முதுகில் நீர் ஊற்றுவார். அது சிலுப்ப முனையும்போது கழுத்தைத் தழுவிக் காதில் ஏதோ சொல்வார். அடங்கி நிற்கும். பிறகு அகத்திக்கீரை ஒரு கொத்து கிடைக்கும்.

"தெனமும் குளிப்பாட்டுறீகளே, மாப்பிள்ளையா அது?" என்றேன்.

"மாப்பிள்ளதான் தாயி. கழுத்துல மாலை விழுகாமப் பாத்துக்கிறேன்."

தெய்வத்தை ஏமாற்றலாகுமா என்று கேட்டேன். அவர் சிரிப்பு நின்றது.

"ஏமாத்தல. வீட்டுக்குப் போனா எனக்குப் பேச ஆளில்ல. அதைச் சாமிகிட்டயும் சொல்லிட்டேன்."

தங்களை வருத்த இதை எழுதவில்லை. உண்மையை விட்டுவிட்டு அவரைப் புகழ எனக்குத் தெரியவில்லை. எங்கள் ஊரார் கண்ணில் மட்டும் இக்கடிதம் படாதிருக்கட்டும்.

இப்போது நான் நீர் ஊற்றுகிறேன், கழுத்தைத் தழுவுகிறேன், கீரையும் கொடுக்கிறேன். ஒவ்வொரு நாளும் சிலுப்பிவிடுகிறது. ஆளற்ற நடைமேடையில் நாங்கள் இருவரும் நனைந்து நிற்கிறோம். 'போய் வாருங்கள் ஐயா' என்று அவருக்கு விடைகொடுக்கவும் எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

கோயில் பொங்கல் வரும் செவ்வாய்க்கிழமை. அவர் காதில் சொன்னது எனக்கு ஒருநாளும் கேட்டதில்லை. சிறு வயதில் தங்களைக் குளிப்பாட்டுகையில், அழாதிருக்க ஏதேனும் சொல்வாரா? நினைவிருந்தால் உடனே தெரிவியுங்கள். கடிதம் வேண்டாம், போனில் சொன்னால் போதும்.