ஏழாம் நம்பர் மலைக்குப் பறக்காத டிரோன்

1. முதல் நாள்

முட்டி வலியால் தேயிலைக் கொழுந்து பறிக்க முடியாமல் போனபின், எஸ்டேட்டில் எனக்கு டிரோன் கொட்டகையில் வேலை கொடுத்தார்கள். பனி ஈரத்தைத் துடைக்க வேண்டும், பேட்டரி மாற்ற வேண்டும், சார்ஜில் போட வேண்டும். எங்கள் மலைச்சரிவில் போன் லைன் கிடைக்காது. அந்த டிரோன்கள்தான் மேலே நின்று லைன் கொடுக்கும்.

கோலாலம்பூரிலிருந்து வந்த இன்ஜினியர் குமரன் அன்றே விளக்கினார்.

“இந்த மெஷின் தானா படிச்சுக்கும் ஆன்ட்டி. போன் நெறய இருக்கிற பக்கமா டிரோனை அனுப்பும். போனே இல்லாத பக்கம் அனுப்பாது. பேட்டரி மிச்சம்லா.”

சாயங்காலம் இதைப் பக்கத்து வீட்டு சரோஜாவிடம் சொன்னேன். என்னோடு ஒரே நிரையில் கொழுந்து பறித்தவள். விழுந்து விழுந்து சிரித்தாள்.

“நீ ஆறாவதோட நின்னுட்ட. அது படிச்சிக்கிட்டே இருக்கு பாரு. கொஞ்ச நாள்ல துரையா வந்து உக்காந்துரும்!”

2. குளவி

எங்கள் பெண்கள் மலைக்குப் போனால் போனை அணைத்து, பிளாஸ்டிக்கில் சுற்றி, சோற்றுக் கூடையில் வைத்துவிடுவார்கள். மழையில் கெடக்கூடாது. வேலை முடிந்து பிள்ளைகளோடு பேசவும் சார்ஜ் வேண்டும். சரோஜாவிடம் போனே கிடையாது. ஆகவே அவர்கள் கொழுந்து பறிக்கும் ஏழாம் நம்பர் மலையில் ஆளே இல்லை என்று மெஷின் படித்துக்கொண்டது. சுற்றுப்பயணிகள் படம் பிடிக்கும் டீக்கடைப் பக்கமே டிரோன்கள் பறந்தன.

ஒரு காலை, ஒரு டிரோன் மேசையில் சும்மா இருந்தது. குமரனிடம் தயங்கித்தான் கேட்டேன்.

“ஏழாம் நம்பர்ல இன்னிக்கு வேலை நடக்குதே தம்பி?”

“அங்க ஒரு போன்கூட இல்ல ஆன்ட்டி. பாருங்க.” திரையைத் திருப்பிக் காட்டினார். அந்த மலை மட்டும் கறுப்பாக இருந்தது.

மத்தியானத்துக்கு முன்பே, கூட வேலை செய்யும் செல்வி சேறும் மூச்சிரைப்புமாக ஓடி வந்தாள்.

“குளவி கொட்டிருச்சு! சரோஜாக்காவுக்கு மூச்சு முட்டுது. எல்லாரும் போனத் தொறந்து பாத்துட்டோம், லைனே இல்ல. லோரிய அனுப்புங்க!”

மேலே டிரோன் இல்லாவிட்டால், அவர்கள் போனைத் திறந்தது மெஷினுக்குத் தெரியாதாம். குமரன் பிறகு சொன்னார்.

லோரி இறங்கி வந்தபோது சரோஜாவின் முகம் அடையாளம் தெரியாமல் வீங்கியிருந்தது. ஆஸ்பத்திரி வாசலுக்குப் போனபோதே உயிர் இல்லை. செல்வி அந்தச் சரிவு முழுக்க ஓடி வந்த நேரமெல்லாம், டிரோன் முழு சார்ஜோடு என் முன்னால்தான் இருந்தது.

3. மீட்டிங்

எஸ்டேட் மேனேஜர் துரை எங்களை நிற்க வைத்துப் பேசினார்.

“பேட்டரி செலவு நல்லா கொறஞ்சிருக்கு. மெஷின்ல தப்பு இல்ல. நீங்கதான் போன அடைச்சு வெச்சீங்க. இனிமே தொறந்தே வைங்க.”

“போன் இல்லாதவங்க என்ன செய்றது தொர?” என்றாள் செல்வி.

“வாங்கிக்கணும்லா.”



இன்றும் அந்த டிரோன்களை நான்தான் துடைக்கிறேன். மலைக்குப் புதிதாக வரும் பெண்களுக்கு ஒன்று சொல்கிறேன். போனை அணைக்காதீர்கள். பேச ஆள் இல்லாவிட்டாலும் எரியட்டும். நீங்கள் வேலை செய்வதை மெஷின் பார்க்காது, போனைத்தான் பார்க்கும். போன் இல்லாதவள் ஒருத்தி வந்தால், அவளை உங்கள் பக்கத்து நிரையில் நிறுத்திக்கொள்ளுங்கள்.